உடம்போடு தைத்த கவசம்

என் மனைவியின் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். மட்டக்களப்பு மாப்பிள்ளைமாரில் பாதிப் பேர் அவனுடைய கமெராவுக்கு முன்னால்தான் சிரிக்கப் பழகினார்கள். அந்தத் தொழிலில் அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, சலிப்பு மட்டும் இருந்தது. ஒரு நாள் டவுனில் இருக்கும் என் தையல் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தான் ஒரு குறும்படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். விஞ்ஞானக் கதையாம். அந்த மேசையில் யாரும் உட்காரக்கூடாது என்பது கடையின் சட்டம். மச்சான் என்பதால் விட்டுவிட்டேன். அன்றைக்கே இறக்கித் துரத்தியிருந்தால் எனக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

கதை இதுதான். இருநூறு வருடங்களுக்குப் பிறகு ஒரு பெரிய சண்டை நடக்கிறது. ஓர் ஆய்வுகூடத்தில் போர்க்கவசம் ஒன்றைப் பரீட்சார்த்தமாகச் செய்கிறார்கள். உடம்புக்கு வெளியே இன்னுமோர் எலும்புக்கூட்டைப் போல, கையோடும் காலோடும் முதுகோடும் பொருத்துகிற இயந்திரம். அதைப் போட்டவன் லொறியை ஒற்றைக் கையால் புரட்டுவான். அவன் நினைப்பதற்கு முந்தியே அவன் நரம்பைப் படித்து அது நகரும். ஒரேயொரு கோளாறு, அதற்குக் கோபத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருப்பவன் பயந்தால், ஆள் சண்டைக்குத் தயாராகிறான் என்று நினைத்து இன்னும் இறுக்கும். அது இறுக்க இறுக்க அவன் பயப்படுவான், அவன் பயப்படப் பயப்பட அது இறுக்கும். முன்னர் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் உள்ளேயே நொறுங்கிச் செத்தார்கள். அவர்கள் செத்த பிறகும் கவசம் கொஞ்ச நேரம் சண்டை பிடித்ததாம். இதெல்லாம் தெரிந்தும் ஒருவன் தானாக முன்வந்து அதைப் போட்டுக்கொள்கிறான்.

"ஏன்டா இருநூறு வருசம் தள்ளிப் போறாய்? நம்மட ஊரில சண்டைக் கதைக்குப் பஞ்சமா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் அத்தான். இருநூறு வருசத்துக்கு அங்கால எண்டா ஒருத்தரும் வந்து விசாரிக்க மாட்டாங்க."

அந்த முன்வருகிற மடையன் நான்தான் என்று அவன் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தான். நான் நடிகன் அல்ல. ஆனால் கூத்தில் ராசா. எங்கள் ஊர் வடமோடிக் கூத்தில் பல வருடங்களாகத் தலையில் ராசமுடி வைத்து ஆடியவன். பாரமான உடுப்பைச் சுமந்துகொண்டு விடியும்வரை நிமிர்ந்து நிற்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவன் ஐஸ் வைத்தான். நான் உருகிப்போனேன். ஒல்லியான ஆம்பிளைகளுக்குப் பலசாலி வேடம் என்றால் ஒரு பலவீனம் உண்டு. நாள் முழுக்கப் பள்ளிக்கூடக் களிசான் தைப்பவனுக்கு அது இரட்டிப்பாக இருக்கும்.

கவசத்தை அவனும், யன்னல் கிறில் செய்யும் அவனுடைய சிநேகிதன் ஒருவனும் சேர்ந்து செய்தார்கள். யன்னலுக்குப் போடும் அலுமினியச் சட்டம், சைக்கிள் குழாய், மோட்டார் சைக்கிளின் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், வான் ஒன்றின் பின்கதவைத் தானாகத் தூக்கிவிடுமே, அந்தக் காற்றுத் தண்டு. கல்யாண மேடைக்குக் கட்டும் நீல வெளிச்சப் பட்டியை நெஞ்சில் ஒட்டினார்கள். பார்ப்பதற்குத்தான் வேடிக்கை. கையில் பொருத்திய காற்றுத் தண்டு உண்மையிலேயே தூக்கும். முதல் முறை போட்டுப் பார்த்த அன்று, செட்டிபாளையத்தில் மச்சானின் வளவில் ஒரு தோணி எஞ்சின் கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் எஞ்சின். நான் குனிந்து பிடித்து நிமிர்ந்தேன், அது நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போய் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், பிழை அந்த இடத்தில்தான் தொடங்கியது. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

எஞ்சினை இறக்கும்போது தண்டு சடாரென்று திரும்பி அடித்தது. கிறில் செய்யும் பொடியன் விரலை இழுத்துக்கொண்டதால் தப்பினான். "அவசரத்துக்கு உடன கழட்டக்கூடிய மாதிரி இருக்கணும்" என்று மச்சான் அன்றே சொன்னான். பள்ளிக்கூடப் பைகளுக்குப் போடும் பிளாஸ்டிக் பூட்டுகளைக் கை, தோள், தொடை எல்லா இடத்திலும் வைத்தான். ஒரு அமுக்கில் கவசம் முழுதும் கழன்று விழும். நல்ல யோசனை. அந்த நல்ல யோசனையைக் கெடுத்தவன் நான்.

எங்கள் கூத்துக் களரியில் ஒரு வழக்கம் உண்டு. ராசாவுக்கு உடுப்புப் போடும்போது மார்புப் பட்டியையும் தோள் அணியையும் முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. ஆடும்போது நெகிழ்ந்துவிடும் என்பதால் ஆளை நிற்கவைத்து, பட்டியின் இரு நுனியையும் உடம்போடு இறுக்கிச் சேர்த்துத் தைத்துவிடுவோம். காலில் சதங்கை கட்டிவிட்டால், மங்களம் பாடி முடியும்வரை ஒரு தையலையும் பிரிக்கக்கூடாது. இடையில் அவிழ்த்த ராசாவை அடுத்த வருடமும் ஊர் மறக்காது. தாகம், அரிப்பு, மூத்திரம், எதுவானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நான் ஒரு தடவைகூட அவிழ்த்தவன் இல்லை. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

படப்பிடிப்பு வாவிக்கரையில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் நடந்தது. காலையில் இரண்டு முறை ஓடிப் பார்த்தேன், இரண்டு முறையும் தோள் பூட்டு கழன்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "லொறியப் புரட்டுறவனுக்குப் புத்தகப் பைப் பூட்டா?" என்று சொல்லிப் பூட்டுகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். சாக்குத் தைக்கும் ஊசியையும் நைலோன் நூலையும் கொண்டுவரச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவளும் என்னோடு கடையில் தைப்பவள்தான். அவளுடைய தையலைப் பிரிப்பது எனக்கே கஷ்டம்.

ஊசியை வாங்கிக்கொண்டு அவள் என் கையைச் சுற்றியிருந்த அலுமினிய வளையத்தைத் தட்டிப் பார்த்தாள். "கூத்தில எண்டா துணி. இது தகரமும் கம்பியும். இறுகினா இளகாது" என்றாள்.

"நீ தை புள்ள. நான் பார்த்துக்கொள்ளுறன்."

அவள் தைத்தாள். வலது முழங்கைக்கு மேலே இருந்த பட்டியை நான்தான் இன்னும் இழு, இன்னும் இழு என்று சொல்லித் தைப்பித்தேன். உள்ளே வைத்திருந்த ஸ்பொன்ச் நகர்கிறது என்று அதையும் பிடுங்கி எறிந்திருந்தேன். வெறும் சேட்டுத் துணிக்கு மேல் தகரம். பெரிய தையல்காரன் நான், அளவு எடுத்தே வயிறு வளர்த்தவன், என் கைக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வரைக்கும் எல்லாம் திறமாகப் போனது. சேற்றில் நடந்தேன், தண்ணீருக்குள் இருந்து எழும்பினேன், பொய்ச் சுவர் ஒன்றை உடைத்தேன். வெயில் ஏற ஏற கை வீங்கத் தொடங்கியது. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு வலித்தது, நல்லாகவே வலித்தது. மனைவி குழாய் போட்ட இளநீரை வாயருகே பிடித்தாள், என் முகத்தைப் பார்த்து, "கை நிறம் மாறுது. வெட்டட்டா?" என்று கேட்டாள். கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மச்சானும் வந்தான். "அத்தான், கழட்டிப்போட்டு, சாப்பிட்டிட்டு, மறுகா தைப்பம். வெளிச்சம் எனக்குப் பின்னேரத்திலதான் வேணும்."

இருவரும் சொன்னார்கள். அவர்கள் சொல்லவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். நான் பகிடி விட்டேன். "ராசாவ இடையில அவிழ்க்கிறதா? மங்களம் பாடட்டும், பார்ப்பம்." எல்லாரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. படத்துக்கு ஏது மங்களம்? கூத்து என்றால் அதைப் பழக்கிய அண்ணாவியார் பாடி முடித்துவைப்பார். மச்சானுக்கோ, இந்த ஒன்றை இன்னும் ஒருக்கா, அந்தப் பக்கத்தால் இன்னும் ஒருக்கா என்று எப்போதும் ஒன்று பாக்கி இருக்கும். முடிவே இல்லாத களரியில் நான் முடியும்வரை நிற்பேன் என்று நின்றேன்.

சாப்பாட்டு நேரம் கழிந்து கொஞ்ச நேரத்தில் வலி தானாக நின்றுவிட்டது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கவசம் எனக்குப் பழகிவிட்டது, நான் அதை அடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எடுத்த காட்சிகளில்தான் நான் உச்சமாக நடித்தேன் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கை தன்னுடைய கையாக இல்லாமல் போவது என்னவென்று அந்த வீரனுக்குத் தெரிகிற இடம் ஒன்று வரும். என் முகத்தில் அது அப்படியே இருக்கிறது.

பொழுது சாயும் நேரம் மச்சான் போதும் என்றான். மனைவி ஓடிவந்து வெட்டினாள். நைலோன் நூல் தசைக்குள் புதைந்திருந்ததால் கத்தரியின் நுனி போகவில்லை, சவர அலகால் ஒவ்வொன்றாக அறுத்தாள். வளையம் கழன்றதும் வலது கை மணிக்கட்டோடு மடிந்து தொங்கியது. நிமிர்த்த நினைத்தேன். நினைப்பு போனது, கை போகவில்லை. "மரத்துப்போச்சு, விடியச் சரியாகும்" என்று நான்தான் எல்லாருக்கும் தைரியம் சொன்னேன்.

விடிந்தது, சரியாகவில்லை. அடுத்த விடியலிலும் சரியாகவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேற்கையைச் சுற்றி இறங்கும் நரம்பு எலும்போடு நசிந்துபோயிருக்கிறது என்றார் டொக்டர். சாதாரணமாக நசிந்தால் சில கிழமைகளில் திரும்பிவிடுமாம். நான் அத்தனை மணிநேரம் வெயிலில் வைத்து நசித்ததால், மாதக்கணக்கில் பொறுத்துத்தான் பார்க்கவேண்டுமாம். நரம்பு மெல்லத்தான் வளருமாம்.

என்னால் எதையும் பிடிக்க முடிந்தது. விரலை மடக்க முடிந்தது. விரிக்கத்தான் முடியவில்லை. கத்தரிக்கோலை மூடுவேன், திறக்க முடியாது. திறக்காத கத்தரியோடு தையல்காரன் என்ன செய்வான்? கடையில் வெட்டுகிற வேலை முழுதும் என்னுடையது. வெட்டியதைத் தைப்பது அவளுடையது. அப்படித்தான் எங்கள் கடை இவ்வளவு காலமும் நின்றது. அவள் வெட்டவும் பழகத் தொடங்கினாள். முதலில் வெட்டிய சேட்டின் கழுத்து கோணிப்போனது, ஆள் காசைத் தந்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கும் ஒரு பிள்ளை, இளவயசுக்காரி, என் கைக்கு ஒரு கருவி செய்து தந்தாள். முன்கையில் ஒரு பட்டி, அதிலிருந்து மேலே வளைந்து வரும் கம்பிகள், கம்பி நுனியில் இறப்பர் வளையங்கள், வளையத்துக்குள் விரல்கள். நான் விரலை மடக்கினால் இறப்பர் அதை மேலே இழுத்து விரித்துவிடும். கையைத் தூக்கிப் பார்த்தேன். மச்சானின் கவசத்தைச் சுருக்கிச் சின்னதாகச் செய்த மாதிரி இருந்தது.

"நரம்பு வருமட்டும் விரல் மூட்டு இறுகாம இதுதான் பார்த்துக்கொள்ளும்" என்றாள் அந்தப் பிள்ளை. "பகலில எந்த நேரமும் போட்டிருங்க. வெட்கப்படாதீங்க." கடைசிச் சொல்லை அவள் எந்த அனுபவத்தில் சொன்னாளோ, எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

சொன்னபடி போட்டேன், முதலில். இறப்பரின் தயவில் கத்தரி திறக்கவும் செய்தது, அலங்கோலமாக என்றாலும் திறந்தது. அதற்குள் படம் வெளியே வந்துவிட்டது. டவுனில் ஒரு மண்டபத்தில் போட்டார்கள், பிறகு இணையத்தில் விட்டார்கள். நான் நினைத்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். கடைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் "ரோபோ அண்ணன்" என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் சொல்லவந்தது அதைப் பற்றி அல்ல. ஒரு நாள் காத்தான்குடியில் இருந்து வாடிக்கையாக வரும் புடவைக்கடைக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன, படத்தில வந்த கவசத்திட மிச்சத்தையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறீங்களா?" என்று கேட்டார். மனுசன் நல்லவர், அறியாமல்தான் கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போனதும் கழற்றி, பொத்தான் போட்டுவைக்கும் மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அடுத்த நாள் காலையில் மனைவி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு பார்ப்போம் என்றேன். அதற்கடுத்த நாளும் கொண்டு வந்தாள். இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் கடையில் ஆட்கள் நிற்கும்போது, என் கையைப் பிடித்து அவளே கட்டப் பார்த்தாள். நான் கையை உதறினேன். "ஒருக்கா உடம்போட தைச்சுக் கட்டினது போதும். என்னை என்ன பொம்மை எண்டு நினைச்சியா?" என்று சத்தம் போட்டேன். எனக்கு அப்போது பயம்தான் இருந்தது. கை திரும்பாமலே போய்விடுமோ என்று இரவும் பகலும் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் பயம் கூடியது. அதை வெளியே காட்டத் தெரியாமல் அவள்மேல் பாய்ந்தேன். நாலு பேருக்கு முன்னால் அவள் கருவியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பவும் லாச்சியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டாளே என்று ஆறுதல்பட்டேன், பாவி.

பல மாதம் கழித்து, மழை தொடங்கிய காலத்தில், ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையை வைத்தபோது மணிக்கட்டு தானாக மேலே வந்தது. கொஞ்சம்தான். திரும்பச் செய்து பார்த்தேன், திரும்பவும் வந்தது. குசினியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அடுப்படியிலேயே குந்திவிட்டாள், அழுதாள். அன்றைக்கே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்துக்கொண்டு போனோம்.

அந்தப் பிள்ளையும் சந்தோஷப்பட்டாள். மணிக்கட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள், தோலைத் தடவிப் பார்த்தாள், நரம்பு திரும்பிவிட்டது என்றாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்துப் பார்த்தாள். அவை விரியவில்லை. அவள் அழுத்தினாள், எனக்கு உயிர் போனது, விரல்கள் மடிந்தபடியே இருந்தன. அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கருவியப் போட்டிங்களா?"

"இடைக்கிடை" என்றேன்.

அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள். பொய்யையும் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"நரம்பு வந்திட்டு. மூட்டுத்தான் இறுகிட்டு" என்றாள் அந்தப் பிள்ளை மெதுவாக. "இந்த நரம்பு வாறதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது, பொறுத்திருக்கத்தான் வேணும். விரலைக் காப்பாத்துறது மட்டும்தான் நம்மட கையில இருந்தது. பயிற்சி செய்வம். பழையபடி வருமெண்டு நான் சொல்ல மாட்டன்."

அந்தப் பிள்ளை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கவசம் நசித்த நரம்பு, கடவுள் புண்ணியமோ உடம்பின் புண்ணியமோ, தானாகவே திரும்பி வந்துவிட்டது. கவசத்தால் எனக்கு வந்த கேடு அத்தோடு தீர்ந்திருக்க வேண்டியது. மிச்சக் கேட்டை நானே என் கடையில், என் லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கைக்காக என் மனைவி கோணல் கழுத்துச் சேட்டுகளை வெட்டிப் பழகினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், எனக்குக் கும்பிடக் கையும் சேராது.

கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. மனைவி வாவியைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல், கணக்கு விளங்காத பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்.

"அண்டைக்கு வெட்ட வந்தன், விடல்ல. மறுகா கட்ட வந்தன், அதையும் விடல்ல. நான் வேற என்னத்தச் செய்திருக்கணும், சொல்லுங்க."

"பிழை என்னிலதான்" என்றேன். "இனி நீ சொல்லுறதக் கேக்கிறன்."

"இனிக் கேட்டு என்னத்துக்கு" என்றாள். எங்கள் தரிப்பிடம் வந்துவிட்டதால் எழுந்து, மடிந்த விரல்களால் நான் வலப்பக்கக் கம்பியைப் பிடித்து இறங்க முடியாது என்று, தன் தோளை எனக்கு முன்னால் கொண்டுவந்து நின்றாள்.